சீனப் புத்தகங்களுக்கு நடுவே முப்பத்தாறு சவர்க்காரம்

கத்தரிக்காயை வட்டம் வட்டமாக வெட்டி, உப்புத் தூவி வடிதட்டில் அடுக்கிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். சின்யோராவின் தொலைபேசி மேசையில் கிடந்து துள்ளியது. வீடியோ அழைப்பு. இலங்கையிலிருந்து.

நான் வேலை செய்கிற வீட்டுக்காரி சின்யோரா லுச்சியாவுக்குக் கண்ணின் நடுப்பகுதி மங்கிப் பல வருடம். தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தால் ஆள் தெரியும். எழுத்துத் தெரியாது. அதனால் தொலைபேசியைப் பிடிப்பது, கடிதம் வாசிப்பது, மருந்துப் போத்தலின் பெயர் சொல்வது எல்லாம் என் வேலை. சமைப்பதும் துடைப்பதும் அதற்கு மேலே.

திரையில் நிமல் தெரிந்தார். கலாநிதி நிமல், மலைப்பக்கத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்க இருந்த சீனக் கற்கைத் துறையின் தலைவர். தலைவர் என்றாலும் அப்போதைக்கு அந்தத் துறையில் இருந்தது அவர் ஒருவர்தான். எப்போதும் சிரித்த முகம். அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"மேடம், துறைமுகத்திலிருந்து ஒரு படம் அனுப்பியிருக்கினம்," என்றார். அவரும் சின்யோராவும் இங்கிலிசில்தான் கதைப்பார்கள். நானும் சின்யோராவும் இத்தாலியனில். ஆனால் எல்லாவற்றையும் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது.

படத்தைப் பார்த்தேன். ஒரு பெட்டி திறந்து கிடந்தது. கறுப்பு அட்டையில் பொன்னிறச் சீன எழுத்துப் போட்ட புத்தகம். அதன் மேல் நான்கு பச்சைச் சவர்க்காரக் கட்டி. பக்கத்தில் ரூனா மீன் அடைத்த தகர ரின். ஒரு மூலையில் ரோசா நிற உதைபந்தாட்ட மேற்சட்டை.

அந்தச் சவர்க்காரத்தைப் பலெர்மோவின் கபோ சந்தையில் நானே பார்த்துப் பார்த்து வாங்கினேன்.

"என்ன படம், ஃபிலொமேனா? சொல்லு," என்றார் சின்யோரா.

"சவர்க்காரம், சின்யோரா."

"சவர்க்காரமோ?"

"ஓம். ரூனா ரின்னும் இருக்கு."

ஒரு பழைய வாக்கு

போன கிழமை இந்தப் பத்தியில் மீன்கடைக்காரரைப் பற்றி எழுதியதற்கு ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். நான் பலெர்மோவில் சமைப்பதையும் துடைப்பதையும் தவிர வேறொன்றும் எழுதுவதில்லையாம். இந்த வாரமும் அதுதான், ஐயா. கொஞ்சம் சீனமும் சேரும்.

சின்யோரா லுச்சியா சீன மொழிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கலியாணம் செய்யவில்லை. கபோ சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத வீடு. கீழே கத்தரிக்காய் விற்கிறவன் போடுகிற சத்தம் அவருடைய படுக்கையறை வரைக்கும் வரும். பன்னிரண்டு வருடமாக நாங்கள் இருக்கிற சீசாப் பகுதியிலிருந்து நான் பஸ் ஏறி அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

அந்த வீட்டில் சுவரைவிடப் புத்தகம்தான் அதிகம். நூல் கோத்துத் தைத்த மெல்லிய புத்தகங்கள், நீலத் துணி ஒட்டிய பெட்டிக்குள் வைத்தவை, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அகராதிகள். கிழமைக்கு ஒரு சுவரென்று தூசி தட்டுவேன். எடுத்த இடத்தில் திருப்பி வைக்க வேண்டுமே. எழுத்துத் தெரியாத எனக்கு வேறு வழி இல்லை. எழுத்தின் உருவத்தைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஏணி. குடைக்காரர். வேலிக்குள் மாடு. பெரிய அகராதிக்குப் பெரியம்மா என்று பெயர், தூக்கினால் இடுப்புப் பிடிக்கும் என்பதால். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. பைத்தியம் என்று நினைப்பார்கள்.

சின்யோரா இளம் வயதில் ஒரு வருடம் இலங்கையில் இருந்தவர். பழங்காலத்தில் நமது தீவுக்கு வந்து தங்கிப்போன சீனத் துறவிகளைப் பற்றி ஆராயப் போனாராம். அந்த மலைப்பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் இருந்தது, லத்தீன் இருந்தது. கட்டிய வெள்ளைக்காரருக்குச் சீனம் மட்டும் ஞாபகம் வரவில்லை. சின்யோரா அங்கே தலைமையில் இருந்த பெரியவரிடம் போய், இங்கே சீனம் படிப்பிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். புத்தகமும் இல்லை, ஆசிரியரும் இல்லை என்று அவர் சொன்னாராம்.

"புத்தகம் நான் தாறன் எண்டு சொன்னனான்," என்று சின்யோரா என்னிடம் சொன்னார். "அவர் சிரிச்சுப்போட்டுத் தேத்தண்ணி தந்து அனுப்பினவர்."

ஊருக்குத் திரும்பியும் விடவில்லை, ஒரு கடிதம் எழுதினார். அதற்குப் பதிலே வரவில்லை. வருடங்கள் போயின. சீனாவில் படித்துத் திரும்பிய நிமல் ஒரு பழைய கோப்பில் அந்தக் கடிதத்தைக் கண்டெடுத்தார். அனுப்பியவர் உயிரோடு இருக்கிறாரா என்று தேடிப் பிடித்து மின்னஞ்சல் போட்டார். அதை நான்தான் வாசித்துக் காட்டினேன். சின்யோரா கதிரையிலிருந்து எழும்பிப் போய், பல்கனிக் கதவைத் திறந்து, சந்தையைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றார்.

நிபந்தனை ஒன்று இருந்தது. துறைக்கு அனுமதி கொடுக்கிற குழு வந்து பார்க்கும் நாளில் புத்தகங்கள் அலுமாரித் தட்டில் இருக்க வேண்டும், பட்டியலோடு. இல்லாவிட்டால் விஷயம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

"அடுத்த வருசத்தை எனக்கு ஆர் தந்தது?" என்றார் எண்பது தாண்டிய சின்யோரா.

பெட்டி போடுகிற முறை

பலெர்மோவில் இருக்கிற எங்கள் ஆட்களிடம் எதையும் கேளுங்கள், ஒரு அபிப்பிராயத்துக்கு இரண்டு வரும். ஊருக்குப் பெட்டி போடுவதில் மட்டும் கருத்து வேறுபாடே கிடையாது. பாரமானது அடியில். உடையக்கூடியது துவாய்க்குள். கடைசியாக, பெட்டிக்குள் ஒரு விரல் நுழையவும் இடம் இருக்கக் கூடாது. சப்பாத்துக்குள் கோப்பிப் பக்கற், சட்டிக்குள் சவர்க்காரம். கப்பலில் அனுப்புகிற பெட்டியில் வெறுமை இருந்தால் அது அந்த வீட்டுப் பெண்ணுக்கு இழுக்கு.

சின்யோரா விறாந்தையில் புத்தகங்களைக் குவியல் குவியலாகப் பிரித்து வைப்பித்தார். அவர் தடவிப் பார்த்துச் சொல்வார், நான் வைப்பேன். ஒவ்வொரு குவியலிலும் ஒரு துண்டு: வரலாறு, கவிதை, சமயம். புத்தகங்களின் பெயர்ப் பட்டியலை அங்கே நிமல் செய்துகொள்வதாக ஏற்பாடு. "ஒரு குவியல் ஒரு பெட்டி. கலக்காதை," என்று சொல்லிவிட்டுக் கண் வைத்தியரிடம் போய்விட்டார்.

என் மனுசன் அன்ரன் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுக் கடையின் குசினியில் வேலை. அங்கேயிருந்து கனமான வைன் பெட்டிகள் பதினான்கு கொண்டுவந்தார். குவியல்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பெரியம்மாவைத் தூக்கிப் பார்த்தார்.

"இஞ்சேரும், இதுகளை இப்பிடியே போட்டால் பெட்டி அடியாலை போயிடும். அங்காலை கிடக்கிற மெல்லிசுப் பெட்டியிலை பாதிக்குக் காத்துத்தான் போகும்."

"சின்யோரா கலக்க வேண்டாம் எண்டவா."

"சின்யோரா எத்தினை பெட்டி போட்டவா? நாங்கள் எத்தினை போட்டனாங்கள்?"

நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால், அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. குவியல்களைப் பிரித்தோம். பாரம் அடியில், மெல்லியது மேலே. அகராதிக்கு மேல் கவிதை, கவிதைக்குப் பக்கத்தில் வரலாறு. மிஞ்சிய இடைவெளிக்கு நான் சந்தைக்கு இறங்கினேன்.

புதுவீட்டுக்கு ஒருவரும் வெறுங்கையோடு போவதில்லை. புதுத் துறைக்கு மட்டும் போகலாமா? பச்சைச் சவர்க்காரம் முப்பத்தாறு கட்டி வாங்கினேன். கோப்பி வாங்கினேன். வெளிநாட்டிலிருந்து புத்தகம் வருகிறதென்று காத்திருக்கிற பிள்ளைகளுக்கு ரூனா ரின் வாங்கினேன். அன்ரன் தன் பங்குக்குத் தமக்கையின் மகனுக்கு ரோசா நிற மேற்சட்டையை ஒரு மூலையில் சொருகினார். எவரோ கொண்டுபோய்க் கொடுப்பார்களாம்.

பிறகு அனுப்புகிற படிவத்தில் நானே என் கையால் எழுதினேன்: பழைய புத்தகங்கள்.

தெரிந்தவர் ஒருவர்

சுங்கத்தில் ஒரு பிழையும் இல்லை. காகிதத்தில் புத்தகம், பெட்டியில் மீன். யாராக இருந்தாலும் மறிப்பார்கள். பதினான்கு பெட்டியிலும் உள்ள ஒவ்வொரு பொருளையும், பெட்டி வாரியாக எழுதிக் கையொப்பம் வைத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஒரு கிழமைக்குள் அனுப்பினால் குழு வருமுன் எடுக்கலாம். பிந்தினால் இந்த வருடம் இல்லை.

எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று தெரிந்தவள் நான். எனக்குச் சீனம் தெரியாது. சீனம் தெரிந்தவருக்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது, கண்ணும் தெரியாது.

தொலைபேசியை வைத்தேன். சின்யோரா ஏசுவார் என்று காத்திருந்தேன். வேலையை விட்டுப் போ என்று சொன்னாலும் நியாயம்தான். கத்தரிக்காய் உப்பில் நீர் விட்டுக்கொண்டிருந்தது.

"கோப்பியும் போட்டனியோ?" என்று கேட்டார்.

"ஆறு பக்கற், சின்யோரா."

"நல்லது. அங்கை தேத்தண்ணிதான் தருவினம்."

அவ்வளவுதான். என் பிழைக்கு அவர் தந்த தண்டனை அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக அந்நியருடைய வீடுகளில் வேலை செய்கிற ஒருத்திக்கு, ஏச்சு வரவேண்டிய இடத்தில் ஏச்சு வராமல் போவது என்னவென்று தெரியும். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

வீட்டில் மகள் மரீனா வேறு விதம். "மம்மா! மதோன்னா! சீனப் புத்தகத்துக்குள்ளை ரூனாவோ? பப்பாவும் சேர்ந்தோ?" என்று தலையில் கை வைத்தாள். வைத்த கையை எடுத்து, கணினியைத் திறந்து, பட்டியல் அடிக்க ஆயத்தமானாள். அவள் அப்படித்தான்.

உள்ளங்கை

அடுத்த நாள் காலை சின்யோராவும் நானும் குசினி மேசையில் எதிரெதிரே இருந்தோம்.

"முதலாம் பெட்டி," என்றார்.

வெட்கத்தைப் பார்த்தால் வேலை நடக்காது. "அடியிலை பெரியம்மா," என்றேன்.

"ஆர்?"

சொன்னேன். பன்னிரண்டு வருடத்துப் பெயர்களையும் சொன்னேன். சின்யோரா சிரித்தார். கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார். கீழே சந்தையில் யாரோ நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

"சரி. பெரியம்மா எனக்குத் தெரியும். ஏணி எது?"

சொல்லிப் பார்த்தேன். நீல அட்டை, நாலு புத்தகம், நெற்றியில் ஏணி மாதிரி ஒரு எழுத்து. அவருக்குப் பிடிபடவில்லை. கடதாசியில் கீறிக் காட்டினால் கண் தெரியாது. கடைசியில் அவர் கையை நீட்டினார்.

"இதிலை எழுது."

அவருடைய உள்ளங்கையில் என் சுட்டு விரலால் கீறினேன். தலையை ஆட்டினார். திரும்பக் கீறினேன். தலையை ஆட்டினார்.

"நீ படம் கீறுறாய், ஃபிலொமேனா. நினைச்ச இடத்திலை தொடங்குறாய். இது அப்பிடி வராது. மேலை முதல், பிறகு கீழை. இடது முதல், பிறகு வலது. பெட்டி மாதிரி எண்டால் உள்ளுக்குப் போட்டுட்டுக் கடைசியாத்தான் மூடவேணும்."

அது எனக்கு விளங்கியது. பெட்டியை உள்ளே நிரப்பாமல் யார் மூடுவார்கள்?

மேலிருந்து, இடமிருந்து, மெல்ல. சின்யோரா கண்ணை மூடிக்கொண்டார். விரல் நின்றது.

"ஆ! கவிதை," என்றார். "தாங் காலத்துக் கவிதைகள், நாலு பாகம். அதையோ நீ ஏணி எண்டனி?"

அப்படித்தான் போனது. காலை எட்டு மணிக்குத் தொடங்குவோம், மத்தியானம் பாஸ்தா சாப்பிடுவோம், திரும்பவும் கை. நானூறுக்கு மேற்பட்ட புத்தகங்கள். எனக்குப் புத்தகம் மறந்தாலும் இடைவெளி மறக்கவில்லை. ஏழாம் பெட்டியில் சவர்க்காரம் ஏன் நான்கு போட்டேன்? பக்கத்தில் இருந்தது கட்டைப் புத்தகம், அதற்கு மேல் நான்கு கட்டிக்கு இடம் இருந்தது. அப்படியென்றால் அது மஞ்சள் அட்டைக்காரர். மஞ்சள் அட்டைக்காரரின் எழுத்து வேலிக்குள் மாடு. அதைக் கையில் எழுதுவேன், சின்யோரா பெயரைச் சொல்வார். நம்மைக் கவிழ்த்த சவர்க்காரமே பிறகு வழி காட்டியது.

பழக்கம் பிடித்துவிட்டது. பஸ்ஸில் இருந்தும் என் உள்ளங்கையில் நானே எழுதிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா கையில் அரிப்போ என்று கேட்டு, ஒரு களிம்பின் பெயரும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் எல்லோரும் போவதுபோல, பலெர்மோவின் காவற்புனிதை ரொசாலியாவின் மலைக்கு ஏறினேன். மெழுகுதிரி கொளுத்தி, மிச்சமிருந்த புத்தகங்களை ஞாபகப்படுத்தித் தரச் சொல்லி மன்றாடினேன். அந்தப் புனிதைக்கு இப்படி ஒரு விண்ணப்பம் அதற்கு முன் வந்திருக்காது.

ஆறாம் நாள் பட்டியல் முடிந்தது. ஏழு புத்தகம் மட்டும் எவ்வளவு முயன்றும் வரவில்லை. பொய் எழுத வேண்டாம் என்றார் சின்யோரா. "ஏழு புத்தகங்கள், பெயர் ஞாபகம் இல்லை" என்று அடித்தாள் மரீனா. அதன் கீழே சவர்க்காரம் முப்பத்தாறு, கோப்பி ஆறு, ரூனா, துவாய்கள். கடைசி வரி: ரோசா நிற மேற்சட்டை ஒன்று, அன்ரனின் மருமகனுக்கு. நான் காட்டிய இடத்தில் சின்யோரா கையொப்பம் வைத்தார்.

பட்டியல் அனுப்பி நாலாம் நாள் பெட்டிகள் விடுபட்டன. பட்டியலை வாசித்த அதிகாரி கடைசி வரியில் நின்று, "மருமகனின் அளவு சரிதானா?" என்று நிமலைக் கேட்டாராம். பெயர் தெரியாத அந்த மனிதருக்கும் என் நன்றி.

தண்ணீர்க் குழாய்

பெட்டிகள் மலைக்குப் போய்ச் சேர்ந்த நாளில் நிமல் திரும்ப அழைத்தார். சிரிப்பு வந்திருந்தது. துறைக்குக் கொடுத்த அறையைக் காட்டுகிறேன் என்று தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் பார்த்துப் பார்த்துச் சின்யோராவுக்குச் சொல்ல வேண்டும்.

"நீளமான விறாந்தை, சின்யோரா. தூண்கள். கல்லுப் படி. படிக்குப் பக்கத்திலை..."

திரை அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் என் வாய் நிற்கவில்லை.

"படிக்குப் பக்கத்திலை தண்ணிக் குழாய். எவ்வளவு பூட்டினாலும் சொட்டும். அதுக்கு அங்காலைதான் அறை, ரண்டு யன்னல்."

சின்யோரா அதை இங்கிலிசில் திருப்பிச் சொல்ல, நிமல் நின்றுவிட்டார். தொலைபேசியைத் திருப்பினார். குழாய் இருந்தது. சொட்டிக்கொண்டும் இருந்தது.

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் சின்யோரா.

பன்னிரண்டு வருடம் அவரிடம் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். நானும் அங்கேதான் படித்தேன். கலைப்பீடம், முதலாம் வருடம், நாலு மாதம். பிறகு நாட்டில் கலவரம் வந்தது. ஒரு மத்தியானம் தமிழ்ப் பிள்ளைகளான எங்களை லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். கொடியில் காயப்போட்ட உடுப்பைக்கூட எடுக்கவில்லை. என் அறையில் இருந்த சிங்களப் பிள்ளை என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு லொறிக்குப் பின்னால் ஓடிவந்து எறிந்தாள். அந்தச் செருப்போடுதான் வீடு போனேன். திரும்பிப் போகவே இல்லை. ஊர், கடல், பிறகு பலெர்மோ.

நாலு மாதம் படித்ததைப் படித்ததென்று சொல்ல எனக்கு வெட்கம். வேலைக்குப் பதிகிற இடங்களில் தருகிற படிவங்களில் படிப்பு என்று ஒரு கோடு வரும். அதை எப்போதும் வெறுமையாகவே விட்டுவிடுவேன்.

சின்யோரா தலையைச் சாய்த்து என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"விலகிறன் எண்டு கடிதம் குடுத்தனியோ?"

"கடிதமோ? ஓடினனாங்கள், சின்யோரா."

"அப்ப நீ விலகேல்லை."

திரும்பி, தொலைபேசி இருந்த பக்கமாக முகத்தை வைத்து, நான் சொன்னதை நிமலுக்கு இங்கிலிசில் விளக்கி, முடிவில் சொன்னார். "பட்டியலைச் செய்தது ஆர் எண்டு எழுதவேணும் எண்டு கேட்டனீர் எல்லோ? எழுதிக்கொள்ளும். உங்கடை மாணவி."

நிமல் என்னுடைய முழுப்பெயரை, கலியாணத்துக்கு முந்திய பெயரை, மெல்லக் கேட்டு எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு படம் வந்தது. அந்த அறை அதுவரைக்கும் மாணவர் பெயர் பதிந்த பழைய இடாப்புகள் போட்டு வைத்த களஞ்சியமாம். துறைக்காக ஒதுக்கும்போது வெளியே அடுக்கியவற்றில் நிமல் தேடியிருக்கிறார். மஞ்சளான பக்கம். நீல மையில் என் பெயர், என் அப்பாவின் பெயர், என் இலக்கம். மற்றவர்களுக்கு நேரே கடைசிப் பத்தியில் சித்தியடைந்தார் என்றோ, விலகினார் என்றோ எழுதியிருந்தது. எனக்கு நேரே ஒன்றும் இல்லை. யாரும் ஒன்றும் எழுதவில்லை.

அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. கைபேசி மாற்றும்போதெல்லாம் முதலில் அதைத்தான் மாற்றச் சொல்லி மரீனாவிடம் கொடுப்பேன்.

இடாப்பு

குழு வந்தது. தட்டுகளைப் பார்த்தது, பட்டியலைப் பார்த்தது. புத்தகங்கள் சவர்க்கார வாசம் அடிக்கின்றன என்று ஒருவர் சொன்னாராம். பூச்சி வராது என்று நிமல் சமாளித்திருக்கிறார். அனுமதி கிடைத்துவிட்டது. அன்றைக்கு அன்ரன் ஸ்ஃபெர்ராகவால்லோவிலிருந்து கணவாய் கொண்டுவந்தார். மூன்றாம் மாடியில் ஐந்தாறு பேர் சாப்பிடுகிற அளவை மூன்று பேர் சாப்பிட்டோம்.

முதல் வகுப்பைப் பலெர்மோவிலிருந்து சின்யோராவே நடத்துவதென்று தீர்மானம். அங்கே பின்னேரம், இங்கே காலை. மரீனா கணினியைக் குசினி மேசையில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போனாள். சின்யோரா நல்ல நீலச் சட்டை போட்டு, தோடு போட்டு, நேரே இருந்தார். நான் பின்னால் நின்று மத்தியானத்துக்குக் கத்தரிக்காய் வெட்டினேன். திரையில் நான் தெரியாமல் இருக்கத்தான் அந்த இடத்தைப் பார்த்து நின்றேன்.

திரையில் அந்த அறை. இரண்டு யன்னல். தட்டில் பெரியம்மா, ஏணி, குடைக்காரர் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் பதினொரு பிள்ளைகள். சிங்களப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், முக்காடு போட்ட ஒரு பிள்ளை.

நிமல் எழும்பி இடாப்பை விரித்தார். பெயர் கூப்பிட்டுத்தான் அங்கே வகுப்புத் தொடங்கும். வெள்ளைக்காரர் காலத்துப் பழக்கம், எங்கள் காலத்திலும் இருந்தது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக எழும்பி, "பிரசன்ட், சேர்" என்றார்கள். பதினொரு பெயரும் முடிந்தன.

நிமல் இடாப்பை மூடவில்லை. நிமிர்ந்து கணினியைப் பார்த்தார்.

"மிஸ் பிலோமினா சூசைப்பிள்ளை."

அப்பாவின் பெயரோடு என்னைக் கூப்பிட்டு நாற்பது வருடம். அப்பாவே போய்விட்டார். பதினொரு பிள்ளைகளும் திரையைப் பார்த்தார்கள்.

சின்யோரா திரும்பாமலே சொன்னார். "உன்னைக் கூப்பிடுகினம். எழும்பி நில்லு."

"நிண்டுகொண்டுதான் இருக்கிறன், சின்யோரா."

"அப்ப முன்னுக்கு வா."

கத்தியை வைத்தேன். உப்புக் கையை ஏப்ரனில் துடைத்தேன். மேசையைச் சுற்றி முன்னால் வந்து நின்றேன்.

"பிரசன்ட், சேர்," என்றேன்.

நிமல் குனிந்து, என் பெயருக்கு நேரே ஒரு வரவுக் கோடு போட்டார்.